அண்டங்காக்கையாக வந்த பார்ட்

எட்கர் அலன் போவை எனக்கு அறிமுகப்படுத்தி வைத்தவர் ஹோமர் சிம்ப்சன்தான். 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனின் முதல் ஹாலோவீன் அத்தியாயம் 1990இல் வந்தது. அதில, போ 1845இல் வெளியிட்ட 'த ரேவன்' கவிதையை லிசா வாசிக்கிறாள். காதலியை இழந்து தவிக்கிறவர் ஹோமர். செத்துப்போன லெனோர், மார்ஜ். சீண்டுற அண்டங்காக்கை, பார்ட். கவிதையைச் சொல்லுற கம்பீரக் குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுடையது. விழுந்து விழுந்து சிரிச்சன்.

பிறகு கவிதையைத் தேடி வாசிச்சால் சிரிப்பு வரேல்லை. அந்தப் பறவைக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும் எண்டு விளங்கியும், அவளைத் திரும்பக் காண்பேனோ எண்டு அதனிட்டயே கேக்கிறான் அந்த மனுசன்.

இப்ப கார்ட்டூனைப் பாத்தால் பகிடிக்குப் பின்னால துக்கமும் தெரியுது. கார்ட்டூன் பாத்து இலக்கியம் வருமோ எண்டு கேக்கிறவைக்கு என்ர பதில்: எனக்கு அந்த வாசலாலதான் வந்தது.