லபிச்சு!

விடிகாலை ஐந்து மணிக்குத் தோவாளையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஊருக்கு முன்னால் வாசனைதான் வரவேற்கிறது. பிச்சி, அரளி, மருக்கொழுந்து... அரளிப் பூவை மடித்து, கல் பதித்த நகை மாதிரி கட்டுவார்களே மாணிக்க மாலை, 2025-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியதே, அது இந்த ஊர்ச் சரக்குதான். அதைப் பார்க்கத்தான் போனேன். பார்த்துக்கொண்டு நின்றது ஒரு டப்பாவை!

சந்தை வாசலில் வரிசையாகப் பூக்கூடைகள். கூடைக்கொரு க்யூ.ஆர். அட்டை, பணம் வந்தால் கத்துகிற ஸ்பீக்கர் டப்பா. ஒரு ஆச்சியிடம் பிச்சி வாங்கி ஐம்பது ரூபாய் ஸ்கேன் பண்ணினேன். சுற்றிலும் தமிழில் அலறிக்கொண்டிருக்க, இவர் டப்பா மட்டும், ‘அம்பது ரூபா லபிச்சு’ என்றது.

“ஆச்சிக்கு மலையாளமா?”

“எனக்கில்ல மக்கா, டப்பாவுக்கு!”

போன வருஷம் ஒருத்தன் இரண்டு கிலோ பிச்சி எடுத்தானாம். ‘பணம் போட்டாச்சு’ என்றான். டப்பாவும் சத்தம் போட்டது. ஆள் போய்விட்டான். சாயங்காலம் பார்த்தால் கணக்கில் ஒன்றுமில்லை! கத்தியது பக்கத்துக் கடை டப்பா.

“அவதான் அமுக்கிட்டான்னு சண்டைக்குப் போனேன். இருவது வருஷமா ஒரே செல்லத்துல வெத்தல எடுத்தவ. நாலு மாசம் பேச்சில்ல.”

பி.காம். மூளை சும்மா இருக்குமா? “போன்ல மெசேஜ் வருமே, பாக்கலாமே ஆச்சி?”

“கையெல்லாம் ஈரம். கண்ணாடி வீட்டுல. வாசிக்கத் தெரிஞ்சால்லா கண்ணாடி!”

எல்லா டப்பாவுக்கும் ஒரே குரல். ரிப்பேர் பார்க்க வந்த பையனிடம், ‘இதுக்கு வேற பாஷை தெரியுமா?’ என்று கேட்டிருக்கிறார். தெரியுமாம். கேரள வியாபாரிகளோடு பேரம் பேசியே மலையாளக் கணக்கு ஆச்சிக்கு அத்துப்படி. 1956 நவம்பர் 1-ல்தானே இந்தத் தாலுகாவே நம்மோடு சேர்ந்தது?

அட்டையின் மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு. சாமி சமாச்சாரம் என்று நினைத்தேன்.

“மேல எவனாவது அவன் அட்டைய ஒட்டிட்டா? பொட்டு மறைஞ்சிரும்லா!”

பக்கத்துக் கடை அம்மாள் சிரித்துக்கொண்டே வெற்றிலைச் செல்லத்தை இந்தப் பக்கம் நகர்த்தினார். ராசியாகிவிட்டார்கள் போலிருக்கிறது.

“அப்போ மூணாவது கடைக்கு என்ன பாஷை ஆச்சி?”

பதில் அந்தக் கூடையிலிருந்தே வந்தது: ‘பீஸ் ருபயே ப்ராப்த் ஹுவே!’