எஞ்சினும் பாடபேதமும்

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் முதற்கண் செய்யும் தொழில், மூலம் எது, பின்னோர் சேர்த்தது எது எனப் பிரித்தறிதலே என்று எம் ஆசிரியர் வகுப்பில் அடிக்கடி கூறுவர். பழைய மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கியவரும் அதனையே செய்தல் வேண்டும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் யாம் கண்டோம். பல கைகளில் திரிந்து, பல பட்டறைகளில் பிரித்துக் கோக்கப்பெற்ற எஞ்சினும் ஒருவகைச் சுவடியே யன்றோ?

எம் தாய்மாமன் மேலூர்ப் பக்கத்து நிலக்கிழார் ஒருவரிடம், 1972-ஆம் ஆண்டில் பதிவான புல்லட் வண்டியொன்றை வாங்கினார். இங்கிலாந்து தேசத்து ரெட்டிச் நகரில் ராயல் என்பீல்டு நிறுவனத்தார் செய்துவந்த வண்டி அது. 1955-ல் அவர்கள் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூடி என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை அமைத்தனர். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நிறுவனம் மறைந்த பின்னரும் சேய் நிலைத்து நின்றது.

விற்றவர், "இது வெறும் முந்நூற்றைம்பது அன்று, ஐந்நூறாக மாற்றிய எஞ்சின்," என்று உறுதி கூறினார். அந்த ஒரு சொல்லுக்காகவே மாமா மிகுதியாய் ஒரு தொகை கொடுத்திருந்தார். பதிவுப் புத்தகத்திலோ 346 கன சென்டிமீட்டர் என்றே கண்டிருந்தது. இங்கேதான் சிக்கல் எழுந்தது. விற்றவர் சொல் பொய்யாயின் பணம் நட்டம். மெய்யாயின் அதனினும் பெருந்தொல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, செய்தவர் குறித்த விவரங்களுக்கு மாறுபட வண்டியைத் திருத்துதலைத் தடுக்கின்றது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. அன்றியும், 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனி எண் வழங்கும் விதி 2021-ல் வந்தது. சட்டகமும் எஞ்சினும் பெருமாற்றம் அடையாதனவே அதற்கு உரியன. மாமாவுக்கு அவ்வெண்ணின்மேல் ஆசை மிகுதி. ஆதலின், எந்த முடிவை விரும்புவதென்று அறியாது அவர் தவித்தார்.

முதலில் கிராங்குப் பெட்டியின்மேல் பொறித்த எண்ணைப் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது. அராவித் திருத்திய அடையாளம் இல்லை. அடுத்துக் கண்ணிற் பட்டது கார்புரேட்டர். அக்காலத்துப் புல்லட்டில் அமல் வகை இருந்தது. பிற்காலத்து 350-க்கு 24 மில்லிமீட்டர் வாயுடைய மிக்கார்ப் வந்தது. இதிலிருந்ததோ 500-க்குரிய 28 மில்லிமீட்டர் மிக்கார்ப். இடைச்செருகல் ஒன்று வெளிப்பட்டது. ஆயின் கார்புரேட்டரைக் கொண்டு மட்டும் எஞ்சினின் பருமையைத் துணிதல் தகாது. ஓட்டிப் பார்த்தும் துணிய இயலாது. மேலூரிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மேடு பள்ளம் அரிது. கனத்த சுழற்சக்கரம் உடைய எஞ்சின், நலிந்திருந்தாலும் அத்தகைய சமவெளியில் வலியது போலவே தோன்றும்.

எனவே, செல்லூரில் பட்டறை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோய்த் தலையைத் திறக்கச் செய்தோம். புல்லட்டில் 350, 500 ஆகிய இரண்டிற்கும் பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் ஒன்றே, 90 மில்லிமீட்டர். வேறுபடுவது போரின் விட்டம். முன்னதற்கு 70, பின்னதற்கு 84. பௌதிகம் பயிலும் விடுதி நண்பர் ஒருவர் வெர்னியர் கொண்டு அளந்தார். 71 மில்லிமீட்டரும் சிறிது மிகையும் வந்தது. பிஸ்டன் தலையிற் படிந்த கரியைச் சுரண்டியபோது 100 என்னும் எண் தெளிந்தது. சிதைந்த ஏட்டில் மை தடவ எழுத்துத் தோன்றுமே, அவ்வுவகை எமக்கு. மூல அளவினும் ஒரு மில்லிமீட்டர் மிகை என்பது அவ்வெண்ணின் பொருள். 71 மில்லிமீட்டர் விட்டத்தையும் 90 மில்லிமீட்டர் நீளத்தையும் கொண்டு கணக்கிட்டால் ஏறக்குறைய 356 கன சென்டிமீட்டர். ஐந்நூறுக்கும் இதற்கும் வெகுதூரம்!

மெக்கானிக் சிரித்தார். "தம்பி, இது ஐந்நூறுமில்ல, ஒண்ணுமில்ல. நல்லாத் தேஞ்ச முந்நூத்தம்பது. தேயத் தேயப் போர் போட்டுப் போட்டுக் கடைசிக்கு வந்திருச்சு," என்றார். மிகை அளவுப் பிஸ்டன்கள் கடைகளிற் பொதுவாகக் கால் மில்லிமீட்டர் வீதம் ஏறி, ஒரு மில்லிமீட்டரளவில் நின்றுவிடும். அகன்ற கார்புரேட்டரோ ஓசையைப் பெருக்கியதேயன்றி இழுவையைப் பெருக்கவில்லை. வாய் அகலமாயின் மெதுவாய் ஓடுகையில் காற்றின் விரைவு குறையும். பெட்ரோல் செவ்வையாய்க் கலவாது. வண்டி நின்று முனகும். இத்தகைய திருத்தங்களை யாம் சிறிதும் மதிப்பதில்லை.

மதிப்பிடுதல் இனித்தான் தொடங்கிற்று. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தார் பெரியவர். பக்கவாட்டில் சிறிது ஆடியது, மேல்கீழாக ஆடவில்லை. பக்க ஆட்டம் இயல்பே. மேல்கீழ் ஆட்டம் இருந்திருப்பின் கிராங்கு முழுதும் பிரிக்க வேண்டியதாகும். வடித்த எண்ணெயிற் காந்தத்தை இட்டு எடுத்தோம். மயிர்போன்ற நுண்துகள் சிறிது ஒட்டிற்று, செதில் இல்லை. ராக்கருக்கு எண்ணெய் ஏறும் குழாயை, பிரிக்குமுன்பே, எஞ்சின் ஓடுகையில் தளர்த்திப் பார்த்திருந்தார். எண்ணெய் கசிந்து வந்தது. பம்பு உயிரோடிருந்தது. அடிப்பகுதி நன்று, மேற்பகுதி நலிவு என்பதே தீர்ப்பு.

சிலிண்டரைக் குடைந்து, புதிய ஸ்லீவ் இறக்கி, 70 மில்லிமீட்டருக்கே போர் போட்டார்கள். மூல அளவுப் பிஸ்டன் பொருந்திற்று. புத்தகமும் எஞ்சினும் மீண்டும் ஒன்றாயின. அமல் கார்புரேட்டர் மட்டும் இன்னும் கிடைத்தபாடில்லை. திண்டுக்கல் வரை தேடியாயிற்று.

மிகுதிப் பணத்தைக் கேட்க மாமா மேலூருக்குச் சென்றபோது யாமும் உடன் சென்றோம். விற்றவர் எம் கணக்குத்தாளை நெடுநேரம் நோக்கினார். "நானும் ஐந்நூறுன்னு சொல்லித்தாங்க காசு குடுத்தேன்," என்றார். அவருக்கு விற்றவரும் அவ்வாறே வாங்கியிருப்பார் போலும். மிகுதியிற் பாதியை ரொக்கமாய்த் தந்து, மறுபாதிக்கு இரண்டு மூட்டை நெல்லை வண்டியிலேற்றி அனுப்பினார். மாமா மறுக்கவில்லை. இப்பொழுது அவர் விடியற்காலையில் அழகர்கோயில் சாலையில், 45 கிலோமீட்டர் வேகத்திற்கு மேற்படாது, புதுப் பிஸ்டனைப் பதப்படுத்தி வருகின்றார். இதுகாறும் 300 கிலோமீட்டர் ஆயிற்று.