விற்ற பிறகும் விற்றவன் கையில்

எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்த ஈழத்தமிழர் கடிதத்துக்குப் பயந்து வாழப் பழகியவர்கள். வெளிநாட்டவர் அலுவலகம், மின்சாரக் கம்பெனி, காப்புறுதி என்று எங்கிருந்து வந்தாலும் டொச் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு வாசிப்பித்து, துளை போட்டுக் கோவையில் செருகி வைப்பார்கள். ஒப்பந்தம் என்றால் எழுதியது எழுதியபடி நிற்கும் என்ற நம்பிக்கையை இந்த நாடு அவர்களுக்குக் கொடுத்தது.

பிள்ளைகளின் அறைக்குள் அந்த நம்பிக்கை தடுமாறுகிறது. தகப்பன் காசு கட்டி வாங்கிக் கொடுத்த வீடியோ கேம் ஒரு நாள் வேறொன்றாகி நிற்கிறது.

2016இல் பிளிசார்ட் நிறுவனம் 'ஓவர்வாட்ச்' விளையாட்டை விலைக்கு விற்றது. அணிக்கு ஆறு பேர். 2022 அக்டோபரில் அதன் சேவையகங்களை மூடி, அந்த இடத்தில் 'ஓவர்வாட்ச் 2'ஐ வைத்தது. அணிக்கு ஐந்து பேர். காசு கொடுத்து வாங்கிய பழைய ஆட்டம்தான் வேண்டும் என்றவர்களுக்கு அன்று வழி இருக்கவில்லை. பிரான்சின் யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' கார்ப் பந்தயத்தின் கதை இன்னும் மோசம். அதில் தனியே ஓட்டுவதற்கும் கம்பெனியின் சேவையகம் வேண்டும். 2024 மார்ச் 31இல் அதை நிறுத்தினார்கள். வட்டு அலுமாரியில் இருந்தாலும் ஆட முடியாமல் போனது.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது வேறொரு விதமாகவும் வலிக்கும். ஜேர்மனியில் வளரும் பெடியனும் இலங்கையில் இருக்கும் மச்சானும் நெருங்குவதற்கு இப்போது இணைய விளையாட்டும் ஒரு வழி. 2024 பெப்ரவரியில் வந்த 'ஹெல்டைவர்ஸ் 2' அப்படிக் கூட்டாக ஆடுவது. மே மாதம், கணினியில் ஆடுவோரும் பிளேஸ்டேஷன் வலையமைப்பில் கணக்குத் திறந்தே ஆகவேண்டும் என்று சோனி அறிவித்தது. விற்பனைப் பக்கத்தில் அந்த நிபந்தனை முன்பே இருந்தது உண்மை; தொழில்நுட்பச் சிக்கலால் தொடக்கத்தில் தளர்த்தியிருந்தார்கள். ஆனால் அந்த வலையமைப்பே இல்லாத நாடுகளிலும் விற்றுக் காசு வாங்கியிருந்தார்கள். இலங்கையும் அவற்றில் ஒன்று. ஆட்டக்காரர்கள் கொதித்தெழ, சில நாட்களில் சோனி பின்வாங்கியது. அதற்குள் 170க்கு மேற்பட்ட நாடுகளிலும் ஆட்புலங்களிலும் விற்பனை நிறுத்தப்பட்டிருந்தது.

மாற்றமே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. 2020இல் பிழைகள் மலிந்து வந்த 'சைபர்பங்க் 2077', அடுத்தடுத்து வந்த திருத்தங்களால்தான் உருப்பட்டது. வாங்கியவர் விரும்பினால் பழைய பதிப்பிலேயே இருக்க விடவேண்டும், அவ்வளவுதான். செய்ய முடியாத காரியமும் இல்லை: மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் பல ஆண்டு பழைய வடிவத்தைக்கூடத் தெரிவு செய்து ஆடலாம்.

ஜேர்மன் சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் பிறப்பித்த பணிப்புரையை ஒட்டிய விதிகள் 2022 சனவரி 1 முதல் குடியியல் சட்டக்கோவையில் இருக்கின்றன. தொடர்ந்து வழங்கப்படும் டிஜிட்டல் பொருளை மாற்ற, ஒப்பந்தத்தில் அதற்கு இடமும் தக்க காரணமும் வேண்டும். வாங்கியவருக்கு மேலதிகச் செலவு வரக்கூடாது. பயன்பாட்டை அற்பமல்லாத அளவு கெடுக்கும் மாற்றமென்றால் முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை முறிக்கலாம். மாறாத பதிப்பைக் கூடுதல் காசின்றி வைத்திருக்க விட்டால் மட்டும் அந்த உரிமை இல்லை.

நல்ல சட்டம். ஆனால் அறிவித்தல் தபாலில் வருவதில்லை. பிள்ளையின் கணக்கில் பதிந்த மின்னஞ்சலுக்குப் போகிறது. பிள்ளை 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறது. தவணை ஓடத் தொடங்கியதே காசு கட்டியவருக்குத் தெரியாது. கணக்குத் திறக்கும்போதே பெற்றோரின் மின்னஞ்சலைக் கொடுப்பது நல்லது.

'தி க்ரூ' மூடப்பட்டதை அடுத்து ரோஸ் ஸ்காட் என்பவர் ஒரு இயக்கத்தைத் தொடங்கினார். அதிலிருந்து எழுந்த ஐரோப்பியக் குடிமக்கள் முன்மொழிவில் 2025 யூலைக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். ஒன்றியத்தின் குடியுரிமை உள்ளவர்களே ஒப்பமிட முடிந்தது. வதிவிட அனுமதியோடு வாழும் தகப்பனுக்கு அதில் இடமிருக்கவில்லை. ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மகளுக்கு இருந்தது. விற்ற விளையாட்டைக் கைவிடும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போகவேண்டும் என்பதே அந்த இயக்கத்தின் கோரிக்கை. விற்ற ஆட்டத்தை உயிரோடு வைத்தே உருமாற்றுவது அதில் அடங்கவில்லை. ஓவர்வாட்ச் வாங்கியவர்களுக்காக அதையும் பிரசெல்சுக்குக் கொண்டுபோக வேண்டும்.