நினைவட்டையும் கயிறறுந்த சுவடியும்

மக்கள் தாம் கண்டதும் கேட்டதும் மறைந்து போகாவண்ணம் ஓலையிலும் கல்லிலும் செம்பிலும் எழுதி வைத்தனர். ஓலையைச் செல் அரித்தது. கல்லை மழை தேய்த்தது. செம்பைக் களிம்பு மூடிற்று. எழுதப்படும் பொருள் எதுவாயினும் அதற்கென ஒரு கேடும், அக்கேட்டிற்கென ஒரு காப்பும் உண்டு. இந்நாளில் நாம் நம் வீட்டு மணவினைகளையும் பயணங்களையும் முதியோர் திருமுகங்களையும் ஒப்படைத்து வைக்கும் பொருள், டிஜிட்டல் காமிராவினுள் செருகப்படும் மெமரி கார்டு என்னும் நினைவட்டையாகும். அதன் கேடு யாது, காப்பு யாது என்பதை யான் கற்றவாறு ஈண்டு உரைக்கப் புகுகின்றேன்.

1975ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கோடக் நிறுவனத்துப் பொறிஞர் ஸ்டீவன் சாசன் என்பார் டிஜிட்டல் காமிரா ஒன்றை முதன்முதலாக அமைத்தபோது, ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிக்க 23 நொடிகள் சென்றன. பின்னர் 1980களில் ஜப்பானியரான ஃபுஜியோ மசுவோகா, தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றுங்கால், ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டார். மின்சாரம் நின்ற பின்னும், நுண்ணிய அறைகளில் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தி வைப்பது அதன் இயல்பு. 1999இல் மூன்று நிறுவனங்கள் கூடி அறிவித்த எஸ்டி கார்டு அவ்வழி வந்ததே. 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமுமே உடைய அதனுள் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்குகின்றன. பெரும்பொருளைச் சிறுபேழையில் வைத்தவர்க்கு அச்சமும் பெரிதன்றோ?

அவ்வச்சத்தை யான் நேரில் அறிந்தது 2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையிலாம். திருச்செந்தூரை அடுத்த சிற்றூரில் வாழும் எங்கள் ஆச்சி பனையோலைப் பெட்டி முடைவதிற் கைதேர்ந்தவர். எங்கள் குடும்பத்தில் அக்கைத்தொழிலைக் கற்றவர் வேறெவருமிலர். “கண்ணு மங்கிப் போச்சு ஐயா, இதுதான் நான் முடையுற கடைசிப் பெட்டி” என்று அவர் கூறவே, ஓலை கிழிப்பது முதல் விளிம்பு மடிப்பது ஈறாக ஒவ்வொரு நிலையையும் படமெடுக்க என் தமையனார் முனைந்தார். இரண்டு நாட்களில் 186 படங்கள் சேர்ந்தன. இறுதிப் படம் பதிந்துகொண்டிருக்கையிலேயே மின்கலம் ஓய்ந்து காமிரா அணைந்தது. மீண்டும் மின்னேற்றித் திறந்தபோது, அட்டையைப் படிக்க இயலவில்லை என்னும் அறிவிப்பே தோன்றிற்று. கணினியிற் செருகினோம், அதுவோ, “ஃபார்மட் செய்ய வேண்டுமா?” என்று வினவியது. வேறு வழியில்லை போலும் என்று தமையனார் உடன்படப் போகுந் தறுவாயில், எங்கள் கல்லூரியில் இயற்பியல் பயிலும் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கூறிய முதன்மொழி இது: “பொறி கேட்கும் கேள்விக்கெல்லாம் உடனே விடை சொல்ல வேண்டுவதில்லை, இல்லையென்று சொல்லி அட்டையை வெளியே எடுங்கள்.”

பின்னர் அவர் வினவியவை எளியனவே. அட்டையின் விளிம்பிலுள்ள சிறு தாழ் பூட்டிய நிலைக்கு நழுவியதா? நழுவியிருப்பின் காமிரா புதிதாக எழுத மறுக்கும். பொன்னிறத் தகடுகளில் அழுக்குப் படிந்துளதா? உலர்ந்த மென்துணியால் மெல்லத் துடைத்தல் போதும். வேறொரு காமிராவிலோ கார்டு ரீடரிலோ செருகிப் பார்த்ததுண்டா? நோய் அட்டையிலா, காமிராவிலா என்பது அதனால் தெளியும். அட்டையின் கொள்ளளவு காமிராவுக்கு ஏற்றதா? பழைய எஸ்டி அட்டைகள் 2 ஜிகாபைட் வரையும், எஸ்டிஹெச்சி வகையின 32 வரையும், எஸ்டிஎக்ஸ்சி வகையின 2 டெராபைட் வரையும் கொள்ளும். பின்வந்த வகையை முன்வந்த காமிராக்கள் பல அறியா. இவற்றுள் ஒன்றும் எங்கள் அட்டைக்குப் பொருந்தவில்லை.

“அப்படியாயின் படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும்” என்றார் நண்பர். அதன் காரணத்தை அவர் விளக்கியவாறு கூறுகின்றேன். அட்டையில் படங்கள் ஒருபுறமும், எப்படம் எவ்விடத்தில் உளது என்னும் அட்டவணை ஒருபுறமும் எழுதப்படுகின்றன. எழுதும்போது மின்சாரம் நின்றால் அவ்வட்டவணை சிதைதல் கூடும். ஓலைச்சுவடியின் கயிறு அறுந்தால் ஏடுகள் சிதறுமேயன்றி எழுத்து அழியாது. ஃபார்மட் செய்வதும் பெரும்பாலும் பழைய அட்டவணையை நீக்கிப் புதியது வைப்பதேயாம். ஆயினும் அதன் மேல் புதுப்படம் எடுப்போமாயின், பழைய ஏட்டின்மேலேயே எழுத்தாணியை ஓட்டியவராவோம். அவ்வாறு அழிந்ததை எவராலும் மீட்க இயலாது. ஆதலின் சிதைவு கண்டவுடன் ஒரு படமும் எடாது நிறுத்துவதே தலையாய மருந்து.

அவர் சொற்படி அட்டை முழுவதையும் உள்ளவாறே கணினியிற் படியெடுத்து, அப்படியின்மீது ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருளைச் செலுத்தினோம். அஃது அட்டவணையை நம்புவதில்லை. ஒவ்வொரு படக்கோப்பும் குறித்த சில எண்களோடு தொடங்குமாதலின், அவ்வடையாளத்தைத் தேடித் தேடி ஏடுகளைப் பொறுக்குகின்றது. கோப்புகளின் பழைய பெயர்கள் மீளவில்லை. ஆயினும் 183 படங்கள் முழுமையாக வந்தன. இரண்டு வரவேயில்லை. இறுதிப் படம் பாதியே வந்தது: மேலே ஆச்சியின் முகம், விளிம்பு மடிக்கும் கைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறுஞ் சாம்பல் நிறம். காணாமற்போன மூன்றும் அவ்விளிம்பு வேலையைக் காட்டியவையே. அதனை ஆச்சியிடம் கூறினோம். அவர் என் தங்கையை அருகிருத்தி, அவள் விரல்களைத் தம் விரல்களாற் பற்றி, கண்ணின் துணையின்றியே மடித்துக் காட்டினார். இன்று அவ்வேலை அவளுக்குத் தெரியும்.

நண்பர்காள்! அட்டை எங்கும் உயிர்ப்பின்றிக் கிடக்குமாயின் மென்பொருளாற் பயனில்லை. அதற்கெனப் பயின்ற வல்லுநரையே நாடுதல் வேண்டும். ஒருமுறை காரணமின்றிப் பிழைத்த அட்டையை மறுமுறை நம்பற்க. ஃபிளாஷ் அறைகளும் எழுதி எழுதித் தேய்வனவே. நெடுங்காலம் கிடப்பில் வைத்தால் அவற்றின் மின்னேற்றம் கசியவும் கூடும். எனவே அட்டையைப் பெட்டகமாகக் கொள்ளாது சுமைதாங்கியாகக் கொள்க. வீடு சேர்ந்ததும் படங்களை இரண்டிடங்களிற் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே காமிராவிற் செருகி ஃபார்மட் செய்க. மின்கலம் குன்றிய நிலையிற் படமெடுத்தலும், பதிவு முடியுமுன் அட்டையை உருவுதலும் தவிர்க்கத்தக்கன.

கேடு நேர்ந்த பொழுதில் மனம் பதறும். பதறும் மனம் ஏதேனும் ஒன்றைச் செய்துவிடத் துடிக்கும். மீட்கக்கூடியவை பலவும் மீளாமற் போவது அத்துடிப்பினாலேயே. முதலிற் கையை நிறுத்துக; பிறகு அறிவைச் செலுத்துக.