வண்டியின் மேனி

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் புது வாகனம் வாங்கினால், முதலில் ஓட்டிச் செல்லுமிடம் பெரும்பாலும் இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திர்தான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, முகப்பில் சந்தனமும் குங்குமமும் துலங்க, வண்டி வீடு வந்து சேரும். அன்று முதல் அதன் மேனியைக் காக்கும் கவலையும் உடன் வந்து சேரும்.

நடுவண் அரசின் கோப்புகளிடையே காலம் கழிக்கும் நாங்களும், சிறுகச் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனும் கூட்டி, கருநீலச் சிறு கார் ஒன்று வாங்கினோம். விற்பனை நிலையத்தார் செராமிக் பூச்சு ஒன்றையும் செய்துகொள்ளுமாறு வற்புறுத்தினர். கேட்ட தொகையோ எங்கள் இரண்டு மாதக் கடன் தவணையினும் மிகுதி. ஆகவே அதன் தன்மையை விசாரித்தறிந்தோம். சிலிக்கா கலந்த அப்பூச்சின் மேல் நீர் தங்காது. அழுக்கு எளிதில் நீங்கும். ஆயினும் கல் தெறித்து விழும் வடுவையோ, அழுக்குத் துணி இடும் கீறலையோ அது முற்றும் தடுப்பதில்லை.

காரின் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அனைத்துக்கும் மேலாக நிறமற்ற தெளிபூச்சு என அடுக்குகள் உள்ளன. பளபளப்பெல்லாம் அத்தெளிபூச்சின் கொடையே. அதன் கனமோ தலைமயிரின் கனத்தினும் குறைவு. தில்லியின் கோடைப் புழுதிக்காற்று கொணரும் தூசியிலோ கண்ணாடியையும் கீறவல்ல குவார்ட்ஸ் மணல் உண்டு. அத்தூசியை உலர்ந்தபடியே துடைப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

எங்கள் குடியிருப்பில் விடியற்காலையில் ஒரே வாளி, ஒரே துணியோடு பல கார்களைத் துடைத்துச் செல்பவர் ஒருவர் உண்டு. பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர். புதுக் கார்கள் சிலவற்றில் வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள் தென்படவே, அவரை நிறுத்திவிட வேண்டுமென்ற பேச்சு எழுந்தது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அச்சொல்லின் கனம் விளங்காததன்று. ஒரு வாளி நீரையும் ஒரு துணியையும் வைத்துக்கொண்டு அவர் வேறு எவ்வாறு துடைப்பார்?

குழாய் நீரைப் பீய்ச்சிக் கழுவுவதும் தகாது. 2024 மே மாதத் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, அவ்வாறு கார் கழுவுவோர்க்கு ரூ. 2,000 அபராதம் என்று தில்லி அரசு அறிவித்தது. எனவே எங்கள் துணைவியார் எளிய வழியொன்று கூறினார். இரண்டு வாளிகளும் மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கிக் கொடுத்தோம். முதலில் குவளையால் நீர் வார்த்துத் தூசியை வடியவிடுதல். பின் கார் ஷாம்பூ கரைத்த வாளியில் துணியைத் தோய்த்து மேலிருந்து கீழாகத் துடைத்தல். அழுக்கேறிய துணியை மற்ற வாளியின் வெறும் நீரில் அலசுதல். பறவை எச்சத்தையும் காய்ந்த சந்தனத்தையும் சுரண்டாமல், ஈரத்துணி போட்டு ஊறவிட்டு எடுத்தல். இவையனைத்தும் நிழலில் நடைபெற வேண்டும். சில மாதங்களுக்கொருமுறை மெழுகுப் பூச்சு நாங்களே இடுகிறோம்.

இம்முறையில் நேரம் கூடுதலாகும். ஆதலால் நாள்தோறும் என்பதை வாரம் இருமுறையாக்கி, சம்பளத்தைக் குறைக்காமல் நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தோம். அண்டை வீட்டார் நால்வரும் பின்னர் அவ்வாறே செய்தனர். நிறுத்திவிடும் பேச்சும் ஓய்ந்தது.

புது வண்டி வாங்கும் அன்பர்கள், பூச்சுக்குப் பணம் கட்டுமுன், அதைத் துடைப்பவரின் வாளியை ஒருமுறை பார்த்துவிட வேண்டுகிறோம்.