தேடி எடுத்த விடை எங்கே போகிறது?



ஏ. எம். ஏ. அஸீஸ் எங்கட ஊரவரா என்று வருடத்தில் ஒரு பிள்ளையாவது கேட்கும். ஓம், 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபர். நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் இருப்பவர் இதைத் தேடி எடுத்துக் கொடுப்பார். அவருக்கு இடமாற்றம் வந்தால், அடுத்து வருபவர் முதலிலிருந்து தேடுவார்.

எங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. 1981இல் யாழ் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ் நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். எந்தப் பழைய மலர் யார் வீட்டில் இருந்தது, சோனகத் தெருவில் எந்த வளவு யாருடையது என்று தெரிந்தவர்கள் புத்தளம், நீர்கொழும்பு என்று சிதறிப்போனார்கள்.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள். விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் அதுவும் இயங்குகிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் எண். ஆசிரியர், ஆண்டு, வெளியீட்டாளர் விபரத்தோடு தனிப்பக்கம். விக்கியில் ‘வழிமாற்று’ என்று ஒரு வசதி உண்டு. அஸீஸ், அசீஸ், அஸீஸ் என எப்படி எழுதித் தேடினாலும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுபோகச் செய்யலாம். எங்கட பெயர்களுக்கு இது கட்டாயம் தேவை.

வட்ஸ்அப் குழுவில் கேட்டால் விடை உடனே வரும், உண்மைதான். ஆனால் நாளைக்கு அது நூறு ஸலாமுக்குக் கீழே போய்விடும். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய உரையாடல் முழுவதும் கிடைக்காது.

ஆகவே நூலகங்களில் வேலை செய்யும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். எல்லோரும் திறந்து எழுதக்கூடிய ஒரு கூகுள் ஷீட் போதும். நாலே நாலு நிரல்: கேள்வி, விடை, எந்த நூலில் எத்தனையாம் பக்கம், யார் எப்போது பார்த்தது. விடை கிடைக்காத கேள்வியையும் எழுதுங்கள். அதை இன்னொருவர் முடித்துவைப்பார்.

அந்த ஷீட்டைப் புத்தளத்துப் பாடசாலை நூலகங்களுக்கும் திறந்து விடுங்கள். வெறுமையாகக் கிடக்கும் விடைகளை நிரப்பக்கூடிய மூத்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் அவர்கள் தொகை குறைகிறது. இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி, கேட்டு எழுதச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.