ஊருக்குரிய எண்

சிறுநீரில் அயோடின் அளவைக் கணிக்கும் ஆய்வில் இருப்பவன் நான் என்று அறிந்ததும் நண்பர் பலர், "எனக்கும் சோதித்துச் சொல்லேன்" என்பார்கள். நான் மறுப்பதன் காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

உண்ணும் அயோடினில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிறுநீரில் வெளியேறுகிறது. செரிக் அமோனியம் சல்பேட்டின் மஞ்சள் நிறத்தை ஆர்சீனியஸ் அமிலம் மெல்லப் போக்கும். அயோடைடு இருப்பின் அது விரைவாகும். நிறம் வெளுக்கும் வேகமே எமக்கு அளவுகோல். ஆயினும் நேற்று உண்டதும் இன்று பருகிய நீரும் அவ்வெண்ணை ஏற்றி இறக்கும். ஒருவரது ஒரு மாதிரி அவர் நிலையைச் சொல்லாது. பலரது மாதிரிகளின் இடைநிலை அளவே ஊரின் நிலையைச் சொல்லும். பள்ளிப் பிள்ளைகளிடம் அது லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் வரை இருப்பின் போதுமானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தைராய்டு குறித்து ஐயமுள்ளவர் மருத்துவரை நாடி, டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

இக்குறை பெரிதும் மண்ணினுடையது. பனியாறுகளும் மழையும் இமயச் சாரலின் அயோடினை அரித்துச் சென்றன. 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் ஆய்வைத் தொடங்கினர். மூன்று பகுதிகளில் இரண்டிற்கு அயோடின் கலந்த உப்பு. ஒன்றிற்கு வெறும் உப்பு. 1962-இல் முன்னிரண்டிலும் முன்கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்திருந்தது, மூன்றாவதில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. அந்த 1962-இலேயே தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டமும் தொடங்கியது.

கழலை கண்ணுக்குத் தெரியும். கருவிலுள்ள குழந்தையின் மூளைக்கு நேரும் இழப்பு தெரியாது. கருவின் தொடக்க மாதங்களில் தாயின் தைராய்டு சுரப்பே குழந்தைக்கும் உதவுகிறது. ஆகவே பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதுமெனில், கருவுற்றவளுக்கு 250 வேண்டும். என் தங்கை கருவுற்றிருந்த நாளில், உடலுக்கு நல்லதென்று வீட்டார் இந்துப்புக்கு மாறியிருந்தனர். அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பில் அது மிகச் சிறிதே உண்டு. "அண்ணா, என் அளவைப் பார்த்துச் சொல்" என்றாள். "உன் அளவைவிட உப்பு உறையில் உள்ளதை முதலில் படி" என்றேன். கடையில் விற்கும் அயோடின் உப்பில் பத்து இலட்சத்தில் 15 பங்கேனும் அயோடின் இருத்தல் வேண்டும். உப்பைக் கூட்ட வேண்டியதில்லை. உண்ணும் உப்பு அயோடின் கலந்ததாயின் போதும். அன்று மாலையே அவள் உப்பை மாற்றினாள். அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடமும் இதைக் கூறினாள்.

இதைப் படிப்போர் இல்லத்தில் கருவுற்றவர் எவரேனும் இருப்பின், இன்றே அந்த உறையை எடுத்துப் பாருங்கள்.